ஆறாம் தரத்தில் முதல் வருடம்: மலையகக் கத்தோலிக்க ஆண்கள் பாடசாலைக்குப் பையனை அனுப்பும் பெற்றோருக்கு

ஐந்தாம் தரம் வரை தோட்டப் பாடசாலையில், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) கூப்பிடு தூரத்தில் படித்த பையன், ஜனவரியில் டவுனில் இருக்கும் ஆண்கள் கல்லூரிக்குப் போகிறான். கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று எந்தப் பக்கமானாலும் வீட்டில் ஒரே பரபரப்புத்தான். சப்பாத்து வாங்க வேண்டும், கொப்பி வாங்க வேண்டும், டியூஷனுக்குச் சேர்க்க வேண்டும். ஆறாம் தர வகுப்பாசிரியராக நீண்ட காலம் வரவு இடாப்பு (வருகைப் பதிவேடு) எழுதியவன் என்ற முறையில் பெற்றோரிடம் ஒன்றைத்தான் வலியுறுத்துவேன். இந்த ஒரு வருடம் புள்ளியைப் பார்க்காதீர்கள், வரவைப் பாருங்கள். தினமும் வந்த பையன் முதல் தவணையில் 30 எடுத்திருந்தாலும் பிறகு எழும்பிவிடுவான். வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டில் நின்றுவிடும் பையன், எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், எட்டாம் தரத்துக்குள் கையை விட்டுப் போகிறான். கீழே சொல்லும் எல்லாமே அவன் தினமும் வருவதற்கான ஏற்பாடுகள்தான்.

டிசம்பரில் செய்ய வேண்டியவை

முதலில் அது எந்த வகைப் பாடசாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் புனிதரின் சுரூபமும் பெயர்ப் பலகையில் புனிதரின் பெயரும் இருப்பதால் மட்டும் அது திருச்சபை நடத்தும் பாடசாலை ஆகிவிடாது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்களால் நாட்டின் உதவி நன்கொடைப் பாடசாலைகளில் (அரசின் பண உதவியோடு திருச்சபை போன்றவை நடத்தியவை) பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. பெயரும் சுரூபமும் பழைய பழக்கங்களும் அப்படியே இருந்துவிட்டன. நிர்வாகம் கல்வித் திணைக்களத்துடையது. அரசிடம் போகாமல் திருச்சபையின் கீழேயே தொடர்ந்தவையும் உண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் பணம். எந்தக் கட்டணம் கட்டாயம், எது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கான சந்தா, எது விருப்பப்பட்டால் கொடுக்கும் நன்கொடை என்பது பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். அலுவலகத்தில் தெளிவாகக் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அனுமதிக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி ஒரு வழி. வெற்றிடம் இருந்தால் விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும் இன்னொரு வழி. எந்த வழியானாலும் பிறப்புச் சான்றிதழ், பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும். கத்தோலிக்கப் பிள்ளையானால் ஞானஸ்நானச் சான்றிதழையும் பங்குத்தந்தையின் கடிதத்தையும் கேட்கக்கூடும். புலமைப்பரிசில் உதவித்தொகைக்குத் தெரிவான பையனென்றால் அந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பாடசாலை மாறும்போது உதவித்தொகை இடையில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு தாள் கொடுபடாததுதான்.

இனிச் சொல்வது ஆகப் பெரிய விடயம்: பெயர். தோட்டத்தில் பிறந்த பல பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி பெயரைப் பதிந்திருப்பார். தகப்பனின் பெயர் ஓர் இடத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும். ஆறாம் தரத்தில் சேர்வு இடாப்பில் விழும் பெயர்தான் பின்னால், பதினொராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்துக்கும் அடையாள அட்டைக்கும் போகிறது. ஆகவே சான்றிதழைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்த விண்ணப்பியுங்கள். இப்போது தொடங்கினால் அவசரமில்லாமல் முடிக்கலாம். பதினொராம் தரத்தில் தொடங்கினால் பையன் படிக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் கந்தோர் கந்தோராக அலைவீர்கள்.

உடுப்பு, சப்பாத்து, புத்தகப் பை

வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, டை, சின்னம் என்பதை எல்லோரும் சொல்லித் தருவார்கள். மலையில் உண்மையான பிரச்சினை ஈரம். ஜூன், ஜூலையில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களில் துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் காயாது. அதனால் பணம் இருந்தால் விலை கூடிய ஒரு பையை வாங்குவதை விட மூன்றாவது சட்டையை வாங்குங்கள். சப்பாத்து ஒரு சோடிதான் முடியுமென்றால், வீட்டிலிருந்து பஸ் ஏறும் சந்தி வரை செருப்பில் நடக்கட்டும். சப்பாத்தையும் காலுறையையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோய்ச் சந்திக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். செருப்பை வைத்துவிட்டுப் போக எந்தக் கடைக்காரரும் மறுப்பதில்லை. இரவில் நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து அடுப்படிக்குப் பக்கத்தில் வையுங்கள், அடுப்பின் மேல் வேண்டாம். வெடித்துவிடும்.

ஸ்வெட்டரின் நிறத்தைப் பாடசாலையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நுவரெலியாவில், கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், ஜனவரிக் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும் நாட்களும் உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட நிறத்தில் ஸ்வெட்டர் இல்லை என்பதற்காகக் குளிரில் நடுங்கும் பையனுக்குப் பாடம் மண்டையில் ஏறாது. சில நாளைக்கு வேறு நிறம் போட வேண்டியிருந்தால் வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், விட்டுவிடுவார்.

பாடப் புத்தகங்களை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. கொப்பிகளை முதல் நாளே வாங்கிக் குவிக்க வேண்டாம். எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்கம், எதற்கு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) என்று ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். முதல் வாரத்துக்கு 80 பக்கக் கொப்பிகள் சில போதும்.

பஸ்ஸை முதலில் சரிசெய்யுங்கள்

பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. டிவிசனிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) டவுனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமானால் பையன் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். டிசம்பர் விடுமுறையிலேயே ஒரு வேலை நாளில் பையனோடு அந்த பஸ்ஸில் போய் வாருங்கள். எந்த பஸ் நேரத்துக்கு வருகிறது, எது தோட்டத்துப் பிள்ளைகளைக் கண்டால் நிற்காமல் போகிறது, 1.30க்குப் பிறகு திரும்பும் பஸ் எது, அதைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். இதை அவன் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பருவகாலச் சீட்டு (சீசன் டிக்கெட்) மாணவருக்குச் சலுகை விலையில் கிடைக்கிறது. விண்ணப்பத்தில் அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். முதல் வாரத்தில் அலுவலகத்தில் கூட்டம் நெருக்கும் என்பதால் படத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இந்தச் சீட்டைத் தனியார் பஸ்ஸில் எடுக்கமாட்டார்கள் என்பதைப் பையனுக்குச் சொல்லுங்கள். பையின் உள் பக்கத்தில் ஒரு வழிக்கான பஸ் காசு எப்போதும் இருக்கட்டும், அது கண்டீனுக்கு இல்லை. தலவாக்கலை, கொட்டகலை, வட்டவளை போன்ற ரயில் பாதையோரத்துப் பிள்ளைகள் ரயில் சீட்டும் எடுக்கலாம். ஆனால் மலைப் பாதையில் ரயில் தாமதமாகும் நாட்கள் அதிகம். காலைக்கு பஸ், மாலைக்கு ரயில் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் இரண்டு வாரம்

ஐந்தாம் தரம் வரை ஒரே டீச்சர் எல்லாப் பாடத்தையும் எடுத்தார். இங்கே பாடத்துக்குப் பாடம் மணி அடிக்கும், ஆசிரியர் மாறுவார். சுற்றாடல் என்று ஒரே பாடமாக இருந்தது விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல் என்று பிரிந்து நிற்கும். சமயம், தமிழ், ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம், கணிதம், சுகாதாரம், அழகியல், செயன்முறைத் தொழினுட்பம் என்று மேலும் நீளும். பையன் முதலில் தடுமாறுவது படிப்பில் அல்ல, எந்த நாளுக்கு எந்தக் கொப்பி என்பதில்தான். நேர அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டி, இரவே பையை அடுக்க வைத்தீர்களானால் பாதிப் பயம் போய்விடும்.

அழகியலில் சங்கீதமா, சித்திரமா, நடனமா, நாடகமா என்று கேட்பார்கள். கூட்டாளி எடுத்தான் என்பதற்காக எடுக்கவிடாதீர்கள். சாதாரண தரம் வரை கூடவே வரக்கூடிய தெரிவு அது. சில பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழி வகுப்பும் ஆறாம் தரத்திலிருந்து உண்டு. வீட்டில் உதவ யாருமில்லை என்றால் தமிழிலேயே கணிதத்தை உறுதியாகப் படிக்கட்டும் என்பதே என் கருத்து. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் வளர்க்கலாம்.

ஆசிரியரை ‘சேர்’, ‘மிஸ்’ என்றும், குருவானவரை ‘பாதர்’ என்றும் அழைப்பார்கள். பாதர் வகுப்புக்குள் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கம். கண்டிப் பக்கத்தில் சிங்கள மொழி வகுப்புகளும் தமிழ் மொழி வகுப்புகளும் ஒரே வளவுக்குள் இருக்கும் பாடசாலைகள் உண்டு. காலைக் கூட்டத்தில் அறிவித்தல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ போனால், புரியாததை வகுப்பாசிரியரிடம் கேட்கலாம் என்று பையனிடம் சொல்லிவையுங்கள். அவன் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு அடுத்த நாள் எதையோ கொண்டுவரவில்லை என்று திட்டு வாங்கக் கூடாது.

டவுன் பிள்ளைகளின் கேலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பேச்சைக் கேட்டு ‘தோட்டத்தான்’ என்று அழைப்பது, ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தால் மூக்கைப் பொத்துவது, அப்பாவின் வேலையைக் கேட்டுச் சிரிப்பது எல்லாம் நடக்கும். பெரிய வகுப்புப் பையன்கள் கண்டீன் காசைக் கேட்பதும் உண்டு. பையன் காரணம் சொல்லாமல் திங்கட்கிழமைகளில் வயிற்று வலி என்று படுத்தால் இதைத்தான் முதலில் விசாரியுங்கள். ‘நீயும் திருப்பி அடி’ என்று சொல்லாதீர்கள், ‘பொறுத்துக்கொள்’ என்றும் சொல்லாதீர்கள். நேரே வகுப்பாசிரியரிடம் பெயரோடு சொல்லுங்கள். ஆறாம் தர வகுப்பாசிரியர் இதை ஒரு நாளில் நிறுத்திவிட முடியும், ஆனால் அவருக்குத் தெரிய வேண்டும். ஆசிரியரே கை நீட்டினால், உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடைசெய்திருக்கிறது என்பதை நினைவில் வைத்து அதிபரைச் சந்தியுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

செபமும் சாமியும்

மலையகத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் சைவப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். பெற்றோர் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ‘பிள்ளையை வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) மாற்றிவிடுவார்களா?’ பயப்பட வேண்டாம். இந்த நாட்டுப் பாடத்திட்டத்தில் சமயம் ஒரு பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம் என்று அவரவர் சமயத்தையே படித்துப் பரீட்சை எழுதுவார்கள். சைவநெறிக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரம் பிள்ளைகள் சும்மா இருக்க நேரிடும். அப்போது பெற்றோர் சேர்ந்து கேட்டால்தான் வழி பிறக்கும்.

காலைக் கூட்டத்தில் கத்தோலிக்கச் செபம் சொல்லப்படும். மற்றப் பிள்ளைகள் கைகட்டி அமைதியாக நின்றால் போதும், சிலுவை அடையாளம் போட வேண்டியதில்லை. சிலருக்கு சில வாரத்தில் செபம் மனப்பாடமாகிவிடும். அதைக் கேட்டு வீட்டில் யாரும் ஏச வேண்டாம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை, ஒக்டோபரில் செபமாலை, பாதுகாவலர் திருநாள் என்று வருடம் முழுவதும் கோயில் சார்ந்த நாட்கள் வரும். அந்தோனியார் பெயரில் உள்ள பாடசாலைக்கு ஜூன் 13, தொன் போஸ்கோ பெயரில் உள்ளதற்கு ஜனவரி 31, சவேரியார் பெயரில் உள்ளதற்கு டிசம்பர் 3. அந்த நாட்களில் திருப்பலி முடிந்து கலைநிகழ்ச்சியும் சாப்பாடும் இருக்கும். படிப்பு இல்லை என்று பையனை வீட்டில் நிறுத்தாதீர்கள். புதிய பையனுக்குக் கூட்டாளி கிடைக்கும் நாட்கள் இவை.

மறுபக்கமும் உண்டு. தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தால் சில வீடுகளில் பையன் ஒரு வாரமே நிற்கிறான். காப்புக் கட்டும் நாளில் இருந்து எல்லா நாளும் நிற்க வேண்டியதில்லை. தேர் நாளுக்கும் மறுநாளுக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து லீவு எடுங்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடும் பிள்ளையானால் சப்பாத்து, மாலை, உடுப்பு பற்றி முன்னதாகவே வகுப்பாசிரியரோடு பேசிவிடுங்கள். சொல்லிவிட்டுச் செய்தால் மதிப்பார்கள்.

முதல் தவணை: இல்லமும் மைதானமும்

சேர்ந்த சில நாளிலேயே பையனை ஓர் இல்லத்தில், அதாவது பாடசாலைக்குள் போட்டிகளுக்காகப் பிரிக்கும் ‘ஹவுஸ்’ ஒன்றில், சேர்ப்பார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி பெரும்பாலும் முதல் தவணையில் வரும். பின்னேரப் பயிற்சிக்கு நின்றால் பஸ் போய்விடும் என்பதால் தோட்டத்துப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். இது எனக்கு எப்போதும் மனவருத்தம் தரும் விடயம். மலை ஏறி இறங்கிப் பழகிய காலுக்கு ஓட்டம் இயல்பாக வரும். ஒரே பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து நின்றால் பெற்றோர் முறை வைத்து அழைத்துவரலாம். விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் கேட்டால் இடைவேளையிலோ காலையிலோ பயிற்சி தரவும் சம்மதிப்பார்.

கிரிக்கெட் மட்டையும் கையுறையும் வாங்கக் கடன் படாதீர்கள். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி 1854இல் தொடங்கியது. அங்கே படித்த முத்தையா முரளிதரன் முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். பயிற்றுநரின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறியபோது அவருக்கு வயது 14. உங்கள் பையனுக்கு இப்போது 11. எல்லாவற்றையும் ஆடிப் பார்க்கட்டும். சாரணர் இயக்கம், பாண்ட் வாத்தியம், தமிழ் மொழித் தினப் போட்டி எதற்குக் கூப்பிட்டாலும் போகட்டும். மேடையில் ஒரு தடவை பேசிய பையன் வகுப்பில் கை தூக்கப் பயப்படமாட்டான்.

முதல் தவணைத் தேர்ச்சி அறிக்கையில் புள்ளி விழுந்திருக்கும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் 150 எடுத்தவன் கணிதத்தில் 40 எடுத்தான் என்று அடிக்காதீர்கள். அறிக்கையில் வரவு நாட்கள் என்று ஓர் இடம் இருக்கும். முதலில் அதை வாசியுங்கள்.

இரண்டாம் தவணை: மழை

இந்தத் தவணையில்தான் வரவு உடைகிறது. மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கினால் மேற்குச் சரிவில் நாட்கணக்கில் விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்குப் பெருமழை வருடக் கடைசியில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளை மலையகம் மறக்காது. ஆகவே இரண்டு விதமான மழையைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், ஓடை பெருகிப் பாதையில் தண்ணீர் ஓடினால், பையனை அனுப்பக் கூடாது. அதில் இரண்டாம் பேச்சு இல்லை. வெறும் தூறலுக்கும் குளிருக்கும் நிறுத்தக் கூடாது. பையில் கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி, மாற்றுக் காலுறை ஒரு சோடி வைத்து அனுப்புங்கள். அட்டை கடித்தால் பிடுங்காமல் உப்போ சவர்க்காரமோ தடவச் சொல்லுங்கள். தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் குளவிக் கூடு இருப்பது தெரிந்தால், சுற்றுப் பாதையில் எவ்வளவு நேரம் கூடினாலும் அதில்தான் போக வேண்டும்.

நின்ற நாளுக்கான பாடத்தைப் பிடிக்க ஒரு கூட்டாளியின் தொலைபேசி இலக்கம் கையில் இருக்கட்டும். மறுநாள் லீவுக் கடிதம் கட்டாயம். எழுத வராத அம்மா, அக்காவை எழுதச் சொல்லிக் கையொப்பம் மட்டும் வைக்கலாம். கைநாட்டு வைத்த கடிதங்களையும் மரியாதையோடு வாங்கியிருக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள்

கூட்டம் வேலை நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும், குறைந்தது அரைப் பேராவது போகும். அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அப்படியும் சொல்கிறேன், தவணைக்கு ஒரு முறை வாருங்கள். தகப்பன், தாய் முகம் தெரிந்த பிள்ளையை ஆசிரியர் வேறுவிதமாகக் கவனிக்கிறார். இது சரியா என்று கேட்டால் சரியில்லை, ஆனால் நடப்பது இதுதான். வர முடியாதென்றால் வேறு நாளில் பத்து நிமிடம் கேட்டு எழுதுங்கள். கொழும்பில் வேலை செய்யும் தகப்பன் தொலைபேசியில் வகுப்பாசிரியரோடு பேசலாம். அம்மாயியோ தாத்தாவோ வந்தாலும் வரவேற்போம். புடவை பழசு, சிங்களம் தெரியாது, என்ன பேசுவதென்று தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். மூன்று கேள்வி போதும்: எத்தனை நாள் வந்திருக்கிறான்? யாரோடு சேர்ந்திருக்கிறான்? எந்தப் பாடத்தில் வாய் திறப்பதில்லை?

மூன்றாம் தவணை

ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம். அன்பளிப்பு வாங்கச் செலவழிக்க வேண்டாம், பையன் தன் கையால் எழுதிய ஓர் அட்டை போதும். தீபாவளியும் கரோல் கீதப் பயிற்சியும் வருடக் கடைசிப் பரீட்சையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பரீட்சை முடிந்த பிறகு வகுப்பு வெறிச்சோடும் நாட்களிலும் பையனை அனுப்புங்கள். அப்போதுதான் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துப் பிழையை விளக்குவார்கள்.

விடுமுறைக்கு முன் நாலு காரியம். திருப்பிக் கொடுக்க வேண்டிய பாடப் புத்தகங்களைக் கிழியாமல் ஒப்படைத்து இடாப்பில் குறித்துவிட்டார்களா என்று பாருங்கள். நூலகப் புத்தகம் வீட்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள். ஏழாம் தரத்தில் எந்தப் பிரிவு என்று அறிவித்தல் பலகையில் பையனையே பார்த்துவரச் சொல்லுங்கள். அடுத்த மாதத்துப் பருவகாலச் சீட்டு விண்ணப்பத்தில் அதிபரின் கையொப்பத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் அந்த வரிசை அலுவலக வாசலையும் தாண்டி நிற்கும்.